இணையவழி நலத் தகவல் தேடல்

இணையவழி நலத் தகவல் தேடல் என்பது நோய், மருந்து, உணவு, மருத்துவமனை ஆகியவை குறித்த செய்திகளைப் பொதுமக்கள் இணையத்தின் வாயிலாகத் தாமே தேடி அறிதல் ஆகும். நோயாளிக்காக அவருடைய உறவினர் தேடுவதும் இதில் அடங்கும். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இத்தேடலின் பயனையும் இடரையும் காட்டும் எடுத்துக்காட்டுகள் உள்ளன.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1998 இல் பொதுமக்களுக்கென மெட்லைன்பிளசு என்னும் தளத்தைத் தொடங்கியது. தமிழ்த் தளங்கள் தொடக்கத்தில் வெவ்வேறு குறியேற்றங்களைப் பயன்படுத்தியமையால் தமிழ்ச் சொற்களைக் கொண்டு தேடுவது கடினமாக இருந்தது. ஒருங்குறி பரவிய பின்னர் இது எளிதாயிற்று. 2016 இல் கைப்பேசி இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததால் சிற்றூர்களிலும் இத்தேடல் பெருகியது.

தேடுசொற்கள்

தேடும் சொல்லைப் பொறுத்து விடை மாறுபடும். "நீரிழிவு" என்று தேடுவோருக்கும் "சர்க்கரை நோய் குணமாக" என்று தேடுவோருக்கும் ஒரே பக்கங்கள் கிடைப்பதில்லை. பின்னதில் விற்பனை நோக்குடைய பக்கங்கள் வர வாய்ப்பு மிகுதி.

டெங்குக் காய்ச்சல்

2012 இல் கடையநல்லூர்ப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தன. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் தற்போது உள்ளது. 2012 இல் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்குப் பரிந்துரைத்தது. இது ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்தாகும். 2017 அக்டோபரில், ஆய்வு முடியும்வரை இதனை வழங்க வேண்டாமென நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தினரை டுவிட்டரில் கேட்டுக்கொண்டது இணையத்தில் பெரும் விவாதத்தை எழுப்பியது.

இவ்விவாதங்களில் முதன்மையான ஒரு செய்தி மறைந்துவிடுவதுண்டு. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே ஆபத்தானவை. பொதுவாக இவை மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடைப்பட்டவை. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறுகளில் குருதிக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஆசுப்பிரின், ஐபுபுரூஃபன் ஆகியவை குருதிக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்க்கப்படவேண்டியவை. பப்பாளி இலைச்சாறு போன்ற குறிப்புகளை மட்டும் நம்பி இந்நாட்களைக் கழிப்பது உயிருக்கே கேடாகலாம்.

குற்றாலம்

குற்றால அருவிநீர் மூலிகைகளின் ஊடாக வருவதால் பிணி தீர்க்கும் என்னும் நம்பிக்கை பழமையானது. இணையப் பக்கங்கள் பலவும் இதனைத் திரும்பக் கூறுகின்றன. குளியல் தரும் புத்துணர்ச்சி வேறு, நோய் நீங்குதல் வேறு. மனநோய்க்கோ வலிப்பு நோய்க்கோ உண்ணும் மருந்தை நிறுத்திவிட்டு அருவிக் குளியலை நம்புதல் தீங்கானது. வலிப்பு நோயாளிக்கு அருவியடியில் நிற்பதே இடர் தரக்கூடும்.

நம்பகத்தன்மை

ஒரு பக்கத்தை நம்புமுன் எழுதியவர் யார், எப்போது எழுதப்பட்டது, ஏதேனும் விற்கப்படுகிறதா என்பவற்றை நோக்கவேண்டும். தலைவலி போன்ற எளிய அறிகுறியைத் தேடி அரிய கொடுநோய்களைப் படித்து அஞ்சுவது சைபர்காண்ட்ரியா எனப்படுகிறது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2008 இல் இதனை ஆராய்ந்தனர். தமிழகத்தில் 104 என்னும் தொலைபேசி எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம். அவசர நிலையில் 108 ஐ அழைக்கவேண்டும்.