கூரைமேல் நிற்கும் கம்பிகள் கூறும் கதை

சென்ற விடுமுறையின்போது யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடொன்றில் நாம் சில நாட்கள் தங்கியிருந்தோம். அது பழைய ஓட்டு வீடு. உக்கிப்போன சிலாகைகளை மாற்றுவதற்குத் தச்சர் வந்திருந்தார். அவர் முகட்டருகே துருவேறிச் சாய்ந்து நின்ற இரும்புக் குழாயைச் சுட்டிக்காட்டி, "இதை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டோ?" என்று கேட்டார். வீட்டுக்காரர் மறுமொழி கூறுமுன், விறாந்தையில் அமர்ந்திருந்த அம்மம்மா, "உதிலை கை வைக்காதையுங்கோ. உது அவர் கட்டினது" என்றார்.

அவர் என்றது காலஞ்சென்ற தம் கணவரை. குழாயின் உச்சியில் சீப்புப்போல அலுமினியக் கம்பிகள் பல இருந்தன. அதன் இடையிலிருந்து செப்புக் கம்பியொன்று கிணற்றடித் தென்னைவரை நீண்டு சென்றது. பதினொராம் வகுப்பிற் படிக்கும் பேரன், "உது என்னத்துக்கு அம்மம்மா?" என்று வினவ, "ஒண்டு படத்துக்கு, மற்றது செய்திக்கு" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். எப்படம், எச்செய்தி என்பதை அக்கம்பிகளிடமே கேட்டறியலாம் என்று நாம் பேரனிடம் கூறினோம். கூரையில் ஏறாமலே, நிலத்தில் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

முதலாவது கேள்வி: கம்பியின் நீளம் என்ன? வானொலி அலை ஒரு செக்கனில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. ஆதலின் 300 என்னும் எண்ணை, நிலையத்தின் அதிர்வெண் எத்தனை மெகாஹேட்ஸோ அத்தொகையால் வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். ஏரியலின் முக்கிய கம்பி பெரும்பாலும் அதிற் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 100 மெகாஹேட்ஸில் ஒலிக்கும் பண்பலை வானொலிக்கு அலைநீளம் 3 மீற்றர். கம்பி ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. தொலைக்காட்சியின் கீழ் அலைவரிசைகளுக்கு, அதாவது 47 முதல் 68 மெகாஹேட்ஸ் வரையானவற்றுக்கு, இரண்டு முதல் மூன்று மீற்றர் வரையான நீண்ட கம்பிகள் வேண்டும். 174 முதல் 230 வரையானவற்றுக்கு முக்கால் மீற்றரளவு போதும். 470 இற்கு மேற்பட்டவற்றுக்கோ ஓர் அடிக் கம்பியே போதுமானது.

இரண்டாவது கேள்வி: கம்பிகள் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்திருக்கின்றனவா? அனுப்பும் நிலையத்தின் கம்பி எவ்வாறு கிடக்கிறதோ அவ்வாறே பெறும் கம்பியும் கிடத்தல் வேண்டும். மூன்றாவது கேள்வி: அது எத்திசையை நோக்குகிறது?

மூன்றாவது கேள்விக்கு விடைகாண ஒரு யப்பானியக் கதையை அறிதல் நன்று. சீப்புப்போன்ற இவ்வகை ஏரியலை 1926 இல் உலகிற்கு அளித்தவர்கள் யப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடா, யாகி என்னும் இருவர். ஆய்விற் பெரும்பகுதி உடாவினுடையது; ஆனால் 1928 இல் ஆங்கிலத்தில் அதனை விளக்கி எழுதியவர் யாகி என்பதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1942 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய யப்பானியப் படையினரிடம் பிரித்தானிய றேடார்க் குறிப்புப் புத்தகமொன்று அகப்பட்டது. அதில் அடிக்கடி வந்த 'யாகி' என்ற சொல்லின் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. சிறைப்பட்ட பிரித்தானியரை வினவியபோது, அஃது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயரேயென்று விடை வந்ததாம்! தம் வீட்டு முற்றத்து மரத்தின் பயனை அயலார் சொல்லி அறிந்த கதைதான் இது.

யாகி ஏரியலில் ஒரு கம்பியில் மட்டுமே வயர் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் சற்று நீண்ட கம்பியொன்று கண்ணாடிபோல் அலையைத் திருப்பி அனுப்பும். முன்னாலுள்ள சற்றுக் குறுகிய கம்பிகள் அலையை வழிகாட்டி அழைத்து வரும். ஆகவே குறுங்கம்பிகள் உள்ள முனையே நிலையத்தை நோக்கும் முனையாகும்.

பேரன் ஒழுங்கையிலே தூரத்தில் நின்று பார்த்தான். முற்றத்திற் கிடந்த ஓடொன்றின் அகலத்தை அளந்து, கம்பியின் நீளம் எத்தனை ஓடுகளுக்குச் சமம் என்று எண்ணிக் கணக்கிட்டான். வயர் பொருத்திய கம்பி ஏறத்தாழ இரண்டேகால் மீற்றர் வந்தது. எனவே அது தொலைக்காட்சியின் கீழ் அலைவரிசைக்கு உரியது. கம்பிகள் படுத்திருந்தன. குறுங்கம்பிகள் நோக்கிய திசை மேற்கு.

இங்கேதான் கதை வெளிப்பட்டது. 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியின் முதன்மைக் கோபுரம் பீதுறுதாலகால மலையில் உள்ளது; யாழ்ப்பாணத்திற்கு அது தெற்குப் பக்கம். மேற்கே இருப்பது கடல், கடலுக்கப்பால் தமிழகம். 1980 களில் குடாநாட்டுக் கூரைகள் பலவும் தூரதர்ஷன் பார்ப்பதற்காக அத்திசையை நோக்கியே நின்றன. கடற்பரப்பின்மேல் வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில், அலைகள் அவற்றினிடையே வாய்க்கால் நீர்போல் ஓடி நெடுந்தூரம் செல்லும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க அயலவரெல்லாம் அவ்வீட்டு விறாந்தையில் நிறைந்திருப்பார்கள் என்று அம்மம்மா நினைவுகூர்ந்தார். படத்துக்கு என்றது இதையே.

செப்புக் கம்பியோ வேறு இனம். அதன் இரு முனைகளிலும் பீங்கான் முட்டைகள் கோக்கப்பட்டிருந்தன. மின் ஒழுகாமற் காப்பவை அவை. நீளம் இருபது மீற்றரளவு. இத்தகைய நெடுங்கம்பி சிற்றலை வானொலிக்கு உரியது. 1990 இலிருந்து ஆண்டுக்கணக்காகக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் பலர். "பின்னேரத்திலை நான் சைக்கிளை மிதிப்பன், அவர் காதைக் குடுத்துக் கேட்பார். எங்கடை ஊரிலை என்ன நடந்தது எண்டு இலண்டனிலையிருந்து சொல்லுவாங்கள்" என்றார் அம்மம்மா. அக்கம்பியை அவர் ஏன் தொடவிடவில்லை என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

வாசகர்களும் தத்தம் ஊர்க் கூரைகளை இவ்வாறு நோக்கலாம். மீன்முள்போல, ஒரு முனையில் நீண்டும் மறுமுனையிற் படிப்படியாகக் குறுகியும் கம்பிகள் இருந்து, அவை யாவும் வயரோடு தொடர்புற்றிருப்பின், அது பல அலைவரிசைகளையும் ஒருங்கே பெறுவது. 1950 களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவானது. வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற கம்பிகளும் பின்னால் வலைத் தட்டியும் இருப்பின், அது மேல் அலைவரிசைக்குரியது. நிமிர்ந்த கம்பியொன்றின் அடியில் மூன்று நான்கு கம்பிகள் குடைக்கம்பிபோல் விரிந்திருப்பின், அது பெரும்பாலும் பேசவும் கேட்கவும் வல்ல இருவழி வானொலிக்குரியது. பட்டத்தின் சட்டம்போலச் சதுரமாகக் கம்பி கட்டியிருந்தால், அங்கே அமெச்சூர் வானொலி அன்பர் ஒருவர் வசிக்கக்கூடும். அச்சதுரம் 1942 அளவில் ஈக்குவடோரின் கீற்றோ நகர நிலையத்திற் பிறந்தது. உயர்ந்த மலைநகரின் மெல்லிய காற்றில் சாதாரண ஏரியலின் நுனிகள் பொறிபறந்து உருகவே, நுனியே இல்லாத ஏரியலை அங்குள்ள பொறியியலாளர் அமைத்தார்.

வட்டில் ஏரியலைப் பலரும் அறிவர். பூமத்திய கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகளை அது நோக்குகிறது. இலங்கை அக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால், நம் நாட்டு வட்டில்கள் பல மழைநீர் ஏந்துவனபோல் நன்றாக அண்ணாந்து நிற்கின்றன. இத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் எழுதிய ஆதர் சி. கிளார்க் பின்னர் இலங்கையிலேயே குடியேறி வாழ்ந்தார். 1975 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அவரது கொழும்பு இல்லத்தில் ஒரு வட்டிலை அமைத்துக் கொடுத்தனர்.

இனி, ஓர் எச்சரிக்கை. நாம் கண்ட குழாய் ஒழுங்கையிலிருந்த மின்கம்பியை நோக்கிச் சாய்ந்து நின்றது. அது முறிந்து மின்கம்பியில் விழுமாயின், தொடுபவர் உயிர் தப்புவது அரிது. மின்கம்பிக்கு அருகில் ஏரியலை நாட்டுவதோ கழற்றுவதோ கூடாது. இடிமுழக்கம் கேட்குமுன்னரே, மழை இருளும்போதே, ஏரியல் வயரைக் கருவியிலிருந்து கழற்றிவைத்தல் வேண்டும். மின்னலடிக்கும்போது அதனைத் தொடுதலாகாது.

அம்மம்மாவிடம் இதனை எடுத்துச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "கவனமாய்க் கழட்டுங்கோ" என்றார். மின்சார சபைக்கு அறிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே குழாய் இறக்கப்பட்டது. யாகி ஏரியல் கொட்டிற் சுவரில் இப்பொழுது தொங்குகிறது. செப்புக் கம்பியை மட்டும் பேரன் மின்கம்பிக்கு எட்டாத பின்வளவில், இரு தென்னைகளுக்கிடையே மீண்டும் கட்டினான். அன்று மாலை பழைய வானொலியைத் துடைத்து, புதிய பற்றரியிட்டு முடுக்கியபோது, இரைச்சலின் நடுவே தெரியாத மொழியொன்றில் யாரோ பேசுவது கேட்டது.

அம்மம்மா கதிரையை அருகே இழுத்து அமர்ந்து, "செய்தி சொல்லுறாங்களோ?" என்று கேட்டார்.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கூரையிலும் பழைய கம்பி ஏதும் நிற்குமாயின், அதனைக் கழற்றுமுன் நிலத்தில் நின்றபடியே ஒரு படம் வரைந்து, நீளத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதைக் கட்டியவரை அறிந்தோர் ஒருவரிடம் சென்று, அது எதற்கென்று கேளுங்கள்.