முற்றத்துப் பச்சிலையும் முயலின் வயிறும்

நம் பழம்பாடல்களில் துள்ளித் திரியும் குறுமுயல் வேறு. இன்று நம் வீடுகளில் கம்பிக் கூண்டுக்குள் மூக்கசைத்துக் கொண்டிருக்கும் வெள்ளை முயல் வேறு. முன்னது இம்மண்ணுக்கே உரியது. வளை தோண்டாது, புதரடியில் படுத்துறங்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காப்பதால், பிடித்து வந்து வளர்ப்பது குற்றமாகும். பின்னது ஸ்பெயின், போர்ச்சுக்கல் நாடுகள் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயலின் வழிவந்தது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா முதலான இனங்கள் நம் நாட்டில் வளர்க்கப்படுகின்றன. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள நடுவணரசின் ஆராய்ச்சி நிலையமும் ஆட்டினத்தோடு முயலினத்தையும் ஆய்ந்து வருகிறது.

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று சந்தையில் ஓர் இணை முயல்களை வாங்கி வருகிறோம். சில வாரங்களில் ஒன்று வயிறு ஊதி மடிகிறது, மற்றொன்றும் தொடர்கிறது. "முயல் ராசியில்லை" என்று கூண்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். ராசியின்மேல் நமக்கு ஐயமுண்டு. கேரட்டும் முட்டைக்கோசும் பிஸ்கட்டும் தின்னக் கொடுத்த கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முயலென்றால் கேரட் என்ற எண்ணம் கேலிச்சித்திரப் படங்கள் நமக்குத் தந்த கொடை. உண்மையில் அக்கிழங்கில் சர்க்கரை மிகுதி; அஃது எப்போதேனும் ஒரு துண்டு தரத்தக்க தின்பண்டமேயன்றி உணவன்று.

முயலின் வயிற்றமைப்பை அறிந்தால் இது விளங்கும். ஆடுமாடுகளைப்போல் அஃது அசைபோடுவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள பெரிய குடற்பையில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கச் செய்து சத்தாக்குகின்றன. அச்சத்து மென்மையான உருண்டைகளாக வெளிவர, முயல் அவற்றை வாய்வைத்து மீண்டும் உண்கிறது. கண்டு முகஞ்சுளிப்போர் உளர். அதனைத் தடுத்தால் முயல் நலிந்துவிடும். மாவும் சர்க்கரையும் மிகுந்தால் அந்நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து காற்று நிறைகிறது. பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்பவை. வெட்டுப்பல் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். புல்லை நாள்தோறும் நெடுநேரம் அரைத்தாலன்றி அவை தேயா. ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்கேனும் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருத்தல் வேண்டும்.

அப்புல்லைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அறுகுக்கு நம் முன்னோர் 'முயற்புல்' என்றொரு பெயரும் இட்டிருக்கின்றனர். கிணற்றடியிலும் வரப்பிலும் படர்ந்து, கோடையில் கருகினும் முதல் மழையில் கணுத்தோறும் தளிர்க்கும் இப்புல்லைவிட எளிய தீனி பிறிதில்லை. தண்டும் இலையுமாகவே கொடுக்கலாம். வெட்டுக்காயப் பூண்டு என்று நாம் காயத்திற்குப் பிழிந்துவிடும் மூக்குத்திப்பூச் செடியையும் முயல் விரும்பி உண்ணும். அமெரிக்காவிலிருந்து வந்தேறிய இக்களையை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் முயலுக்கென்றே பறிக்கிறார்கள். கல்யாண முருங்கையிலை, முசுக்கட்டை இலை, பொன்னாங்கண்ணி ஆகியனவும் ஏற்றவை.

அகத்தியும் முருங்கைக்கீரையும் சத்து மிக்கவை. அதனாலேயே அளவு வேண்டும். முயல் உணவிலுள்ள சுண்ணாம்பைப் பெரிதும் உறிஞ்சி, மிகுந்ததைச் சிறுநீர்வழிக் கழிக்கிறது. வளர்ந்த முயலுக்கு இவற்றையே நாள்தோறும் அள்ளிக் கொடுத்தால் சிறுநீர் சேறுபோல் தடித்துக் கல் உண்டாக வழியாகும். குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் சற்றுத் தாராளமாகவே கொடுக்கலாம். சவுண்டல் இலையில் உள்ள மைமோசின் என்னும் பொருள் முடியை உதிர்க்கும் தன்மையது; அதனைத் தவிர்ப்பதே நன்று.

தமிழ் பயின்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. செடியின் பெயர் நம்மை வழிநடத்தும். சிலவேளை வழிதவறவும் செய்யும். குப்பைக்கீரையும் குப்பைமேனியும் ஒரே மண்மேட்டில் அடுத்தடுத்து முளைப்பவை. முன்னதை அளவோடு கொடுக்கலாம். பூனைவணங்கி என்றும் பெயர்பெற்ற பின்னதிலோ சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் இருக்கிறது. முயற்செவி என்னும் செடி, இலையின் வடிவால் அப்பெயர் பெற்றதேயன்றி முயலுக்குரியது என்பதால் அன்று. ஈரலைக் கெடுக்கும் காரப்பொருள்கள் அதில் உள்ளன. அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குன்றி, செங்காந்தள் ஆகியவற்றை எல்லோரும் அறிவோம். வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரை அத்துணைப் பேர் அறியார்; ஆடுமாடுகளையே மாய்க்கும் அந்நச்சுப் பயிரை முயற்கூண்டருகே கொண்டுசெல்லலாகாது. விலங்குக்குத் தெரியும், அது நஞ்சைத் தின்னாது என்பார் சொல்லை நம்ப வேண்டாம். கூண்டில் பசித்திருக்கும் உயிர் கிடைத்ததைக் கடிக்கும். மேலும் முயலுக்கு வாந்தி எடுக்க இயலாது, உட்சென்றது உட்சென்றதுதான்.

ஐயமிருப்பின் ஆடு மேய்க்கும் மூதாட்டியிடம் செடியைக் காட்டிப் பெயர் கேட்கலாம். அவர் தரும் பாடம் நம் வகுப்பறைப் பாடத்திற்குச் சற்றும் தாழ்ந்ததன்று. எனினும் ஆட்டுக்கு ஆகும் இலையெல்லாம் முயலுக்கு ஆகும் என்று கொள்ளற்க.

பறிக்கும் இடமும் முக்கியம். சாலையோரப் புல்லில் புகையும் நாய்களின் சிறுநீரும் படிந்திருக்கும். பூச்சிமருந்து தெளித்த வயல்வரப்பு அதனினும் கேடு. பறித்ததைக் கழுவி, நீர் வடிய விரித்து வைக்க வேண்டும். பையில் திணித்த பசும்புல் சிறிது நேரத்திலேயே சூடேறிப் புளிக்கும். அதைத் தின்ற முயலுக்கு வயிறு ஊதும். புதிய இலை எதுவாயினும் முதல்நாள் இரண்டொரு தளிர் மட்டும் கொடுத்து, எச்சம் இறுகிய உருண்டையாகவே இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரத்தில் அளவைக் கூட்டலாம்.

மொட்டைமாடியிலேயே வளர்ப்போர்க்கும் வழியுண்டு. அறுகின் கணுவைக் கிள்ளி அகன்ற தொட்டியில் ஊன்றினால் போதும். கல்யாண முருங்கை போத்து நட்டால் வேலியாகவே எழும். வேலிமசால் விதையின் தோல் கடினமானது. கொதித்திறக்கிச் சற்று ஆறிய நீரில் சில நிமிடங்களும், பின் தண்ணீரில் ஓர் இரவும் ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். ஒருமுறை வேரூன்றிவிட்டால் அறுக்க அறுக்கத் தழைக்கும். பெயரிலேயே முயலைத் தாங்கிய முயல்மசாலும் மானாவாரியில் நன்கு வளரக்கூடியது.

மழைக்குப்பின் புல் மிகுந்திருக்கும்போது நிழலில் உலர்த்திச் சாக்கில் சேமித்தால் சித்திரை, வைகாசிக்கு உதவும். பூஞ்சணம் பூத்த கட்டைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அவ்வெயில் மாதங்களில் கூண்டு காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும். குடிநீர் எப்போதும் இருக்கட்டும். அரை நாளுக்குமேல் முயல் தீனியைத் தொடாமலும் எச்சமிடாமலும் குன்றிக் கிடந்தால், கைமருந்து தேடிக்கொண்டிராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லவேண்டும்.