பவளத் தொட்டியில் பாசி: நான் செய்த தப்பு

போன வருடம் எங்கள் ஆய்வகத்தில் பவளம் வளர்க்கும் தொட்டி ஒன்றை என் பொறுப்பில் விட்டார்கள். 300 லிட்டர் கடல்நீர். பெரிய பவளத்திலிருந்து விரல்நுனி அளவுத் துண்டுகளை வெட்டி, பீங்கான் வில்லைகளில் ஒட்டி வளர்ப்போம். மொத்தம் 40 துண்டுகள். இரண்டாம் மாதமே எல்லா வில்லைகளிலும் பச்சை முடிப்பாசி. பார்த்த நண்பர் ஒருவர், "பாசிதானே, ஏதாவது மருந்து ஊத்தினா போச்சு" என்றார்.

அங்கதான் சிக்கல். பவளம் விலங்குதான். ஆனால் அதன் திசுவுக்குள்ளேயே ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் சர்க்கரைதான் பவளத்துக்குப் பெரும்பகுதிச் சாப்பாடு. வெளியே இருக்கும் பாசியைக் கொல்லும் மருந்து உள்ளே இருப்பதையும் தாக்கலாம். விளக்கை ரொம்ப நாள் அணைத்து வைத்தால் இரண்டுக்குமே பட்டினி.

சரி, உரத்தைக் குறைப்போம் என்று பாஸ்பேட்டை அளந்தேன். லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். 'இவ்வளவு குறைவா இருக்கே, அப்புறம் பாசி எப்படி வளருது?' என்று குழம்பினேன். பதில் எளிது: மீன் தீவனத்திலிருந்து வரும் பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது. சோதனை காட்டுவது பாசி தின்றது போக மிச்சம்தான்.

அது அப்போது எனக்குப் புரியவில்லை. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை இரண்டு மடங்கு போட்டேன். ஒரே வாரத்தில் பூஜ்ஜியம். பத்து நாளில் பவளங்கள் வெளிறின. பவளத்துக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேணும். முடிப்பாசி விட்ட இடத்தில் பழுப்பு நிறக் கோழை மாதிரி டைனோஃபிளாஜெல்லேட்டுகள் படர்ந்தன. 11 துண்டுகள் செத்தன. என் அவசரம்தான் காரணம்.

பிறகு மெதுவாகப் போனேன். மணிகளை எடுத்துவிட்டேன். வில்லைகளை ஒவ்வொன்றாகத் தனி வாளிக் கடல்நீரில் வைத்துப் பல்துலக்கியால் தேய்த்து, அந்த நீரைக் கொட்டினேன். பாசியோடு அது தின்ற பாஸ்பேட்டும் வெளியே போய்விடும். பாசி மேயும் ட்ரோகஸ் நத்தைகள் 15 விட்டேன். பக்கத்து அறையில் கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசியை வளர்த்து, இரவில் அதற்கு மட்டும் விளக்குப் போட்டேன். அதே உரத்துக்குப் போட்டி போடும் பாசி அது. வளர வளரப் பிடுங்கி எறியலாம். பாஸ்பேட்டை 0.05, நைட்ரேட்டை 5 மில்லிகிராம் அளவில் நிலையாக வைத்தேன்.

கடலிலும் இதே கதைதான். 1983-84இல் கரீபியனில் ஒரு கொள்ளைநோய் டயடீமா என்ற கறுப்பு முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் ஒரு பெரும்புயல் வேறு பாறைகளை உடைத்திருந்தது. 1970களின் கடைசியில் பாறைகளில் பாதிக்கு மேல் மூடியிருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது. மேய ஆளில்லை.

மூன்று மாதத்தில் என் தொட்டி தெளிந்தது. பாசி முழுசாகப் போகவில்லை, போகவும் வேண்டாம். நத்தைகளுக்குச் சாப்பாடு வேணுமே. மிஞ்சிய 29 துண்டுகளில் சில இப்போது வில்லையின் விளிம்பைத் தாண்டிப் படர்கின்றன. பவளம் மூடிய இடத்தில் பாசிக்கு ஒட்ட இடமில்லை.