சிறுநீரில் ரத்தம்: வலி இல்லைன்னா விட்டுடலாமா?

காலையில் சிறுநீர் சிவப்பா வருது. வலி இல்லை, எரிச்சலும் இல்லை. மறுநாள் வழக்கமான நிறம். ‘உடம்பு சூடு, இளநீர் குடிச்சேன், சரியாப் போச்சு’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டிய அறிகுறியே இதுதான்.

கல், கிருமித்தொற்று என்றால் பெரும்பாலும் வலியோ எரிச்சலோ இருக்கும். சிறுநீர்ப்பை புற்றுநோயில் ஆரம்பத்தில் வலியே இல்லாமல் ரத்தம் மட்டும் வரலாம். தானாக நின்று, சில மாதம் கழித்து மறுபடியும் வரலாம். நின்றுவிட்டதால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 40 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் புகைபிடிப்பவர்கள், ஒருமுறை வந்தாலே போய்விடுங்கள். பெண்கள் மாதவிடாய் ரத்தம் என்று நினைத்துத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது.

பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டாலும் நிறம் மாறும். ரத்தமா, வெறும் நிறமா என்பது சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். ரத்தம்தான் என்றால் ஸ்கேன், தேவைப்பட்டால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் ‘மாத்திரையாலதான்’ என்று தாங்களே முடிவு செய்துவிட வேண்டாம்.

சிலவற்றுக்கு விடியும்வரைகூட காத்திருக்கக் கூடாது. அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றாலோ, குளிர்காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தாலோ உடனே கிளம்புங்கள். ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பையில் திடீரென கடும் வலி வந்தாலும் அப்படித்தான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால், 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. கூச்சத்தில் பையன் ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும் சொல்லக்கூடும், கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.