பாட்டரி மட்டும்தான் குற்றவாளியா?

பழைய மோட்டார் சைக்கிளில் ஹார்ன் ஒலி கம்முகிறது, விளக்கு மங்குகிறது. உடனே புது பாட்டரி வாங்குகிறோம். சில நாட்களில் அதுவும் ஓய்ந்துவிடுகிறது. ஏன்? பாட்டரி வெறும் தொட்டிதான். அதை நிரப்பும் ஏற்பாடு வேறு.

எஞ்சின் ஓடும்போது கம்பிச் சுருள்களின் அருகே காந்தம் சுழல்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. ரெக்டிஃபையர் அதை நேர்திசை மின்னோட்டமாக்குகிறது. ரெகுலேட்டர் மின்னழுத்தம் அளவு மீறாமல் காக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி என்று கொள்வோம். அதை முழுதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மீண்டும் அளந்தால் சுமார் 14 வோல்ட்டுக்கு உயரவேண்டும்.

உயரவில்லையா? தொட்டிக்கு வரத்து இல்லை. களிம்பேறிய இணைப்புகள், எர்த் கம்பி, சுருள், ரெக்டிஃபையர் என வரிசையாகச் சோதியுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா? ரெகுலேட்டரைக் கவனியுங்கள், இல்லையேல் பாட்டரியிலுள்ள நீர் சிதைந்து வாயுவாகி வற்றிவிடும்.

எல்லாம் சரியென்றால், எஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் இணைப்பைக் கழற்றி ஓரிரவு வையுங்கள். காலையில் மின்னழுத்தம் வெகுவாக இறங்கியிருந்தால் குற்றவாளி பாட்டரி. இறங்காவிட்டால், வண்டியின் கம்பிகளில் எங்கோ கசிவு இருக்கலாம். எதுவாயினும், பணம் கொடுக்குமுன் அளந்து பாருங்கள்.