பெயர் என்னும் சிறு கட்டம்

இணையச் செயலிகளை அமைக்கும் பாடத்தில் மாணவர் முதற்கண் அறிவது மூன்று உறுப்புகளை: நாம் காணும் பக்கம், வேண்டுகோளை ஏற்கும் வழங்கி, செய்தியைக் காக்கும் தரவுத்தளம். மொழியும் கருவியும் பழகப் பழகக் கைவரும். ஆனால் அமைப்பவரின் திறம் சோதிக்கப்படுவது எங்கே? 'பெயர்' என்னும் சிறு கட்டத்திலே!

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் வழக்கம். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவமோ ஓரெழுத்தை ஏற்க மறுக்கும். தந்தையின் முழுப்பெயரை இட்டால் சான்றிதழோடு பொருந்தாது.

எழுத்துக் கணக்கும் அத்தகையதே. 'தமிழ்' என்பதில் நமக்கு எழுத்து 3. யூனிக்கோடு முறையிலோ 'மி'யின் மேல்விலங்கும் 'ழ்' மேலுள்ள புள்ளியும் தனிக் குறிகள். ஆகவே குறிகள் 5. யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட்டாக 15 பைட்டு. பைட்டை எண்ணி எல்லை வகுத்தால் நீண்ட பெயர் நடுவே வெட்டுண்ணும்.

பிழை கணினியுடையதன்று, பிறர் வழக்கை எண்ணிப் பாராத அமைப்பாளருடையது. முழுப்பெயருக்கு ஒரே கட்டம், தாராளமான எல்லை, எம்மொழி எழுத்துக்கும் இடம்: இவையே மருந்து. நண்பர்களே, நாளை நாம் செயலி அமைக்க அமரும்போது, இன்று படும் தொல்லையை மறவாதிருப்போமாக!