உங்களுக்குத் தெரியுமா? பட்டா உங்களுடையது, குகை அரசுடையது!

பிரேசிலில் உங்கள் நிலத்துக்கு அடியில் ஒரு குகை இருந்தால், அது உங்களுக்குச் சொந்தமில்லை. 1988ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 20ஆவது பிரிவு, இயற்கைக் குகைகள் அனைத்தையும் ஒன்றிய அரசின் சொத்தாக்கிவிட்டது. மனிதர் நுழையக்கூடிய நிலத்தடி வெற்றிடம் எதுவானாலும் குகைதான். வாசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை.

சிக்கல் இரும்பில் தொடங்குகிறது. பாரா மாநிலத்தின் கராஜாஸ் மலைகளில் பல குகைகள் இரும்புத் தாதுப் பாறைக்குள்ளேயே உருவானவை. சுண்ணாம்புக் குகைகளைப் போலப் பிரமாண்டமானவை அல்ல; பலவற்றுக்குள் குனிந்துதான் போக வேண்டும். ஆனால் தாதுவை வெட்டினால் குகையும் சேர்ந்தே போய்விடும்.

1990ஆம் ஆண்டு ஆணை எல்லாக் குகைகளையும் ஒரே மாதிரி காத்தது. 2008இல் அவற்றுக்குத் தரம் பிரித்தார்கள்: உச்சம், உயர்வு, நடுத்தரம், குறைவு. உயர்தரக் குகை ஒன்றை அழிக்க வேண்டுமா? அதே தரத்தில், அதே வகைப் பாறையில் உள்ள இரண்டு குகைகளை நிரந்தரமாகக் காக்க வேண்டும். விசித்திரமான கணக்குதான்! கடைத்தரக் குகைக்கு இந்த ஈடும் கிடையாது. உச்சத் தரத்தை மட்டும் தொடவே கூடாது. வேறெங்கும் இல்லாத குகைவாழ் உயிரினமோ, வழிபாட்டு முக்கியத்துவமோ இருந்தால் அந்தத் தரம் கிடைக்கலாம்.

2022 ஜனவரி 12ஆம் தேதியிட்ட புதிய ஆணை அந்தக் கடைசித் தடையையும் தளர்த்தியது. அதே மாதம் 24ஆம் தேதி, உச்ச நீதிமன்ற நீதிபதி ரிக்கார்டோ லெவன்டோவ்ஸ்கி அந்தத் தளர்வை நிறுத்திவைத்தார்.